எங்கள் ஊரில் இல்லாத தேயிலைத் தோட்டம்

பி.எட். இரண்டாம் ஆண்டில் 'எனது கல்வித் தத்துவம்' என்று ஒரு கட்டுரை எழுதி, செய்முறை வேலைகளைப் பதிந்து வைக்கும் ரெக்கார்டோடு வைக்கச் சொன்னார்கள். நான் எழுதவில்லை, வாங்கினேன். விலை 600 ரூபாய். அந்தக் கட்டுரையால் ஏழு மாதம் வீட்டில் உட்கார்ந்தேன். உறுதியாகியிருந்த வேலை போனது. அம்மாவின் தோடு அடகுக் கடையிலேயே கிடந்தது. அப்போது இதை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. போன மாதம் கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள் தனித்தனியாக போன் செய்து, “அக்கா, அந்த எஸ்ஸே எந்தக் கடையில கிடைக்கும்?” என்று கேட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, பரவாயில்லை.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில் இருக்கிறது. அப்பா வாடகை டிராக்டர் ஓட்டுகிறார், அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறார். எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு 2022இல் பி.எட். சேர்ந்தேன். முன்பு ஒரே வருடப் படிப்பாக இருந்ததை 2015இல் இரண்டு வருடமாக்கிவிட்டார்கள். செலவும் அதற்கேற்ப ஏறியது. இரண்டாம் வருடக் கட்டணத்துக்குத்தான் தோடு போனது. இந்தப் படிப்பில் படிப்பதைவிட எழுதுவதுதான் அதிகம். பாடக் குறிப்பு, நுண்ணிலைக் கற்பித்தல், உளவியல் சோதனை, தனியாள் ஆய்வு, பயிற்சி நாட்குறிப்பு என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி ரெக்கார்டு. ராத்திரி இரண்டு மணி வரை சார்ட் அட்டைக்கு ஓரம் ஒட்டிக்கொண்டிருப்போம். அந்தக் களைப்பில் இருந்தபோதுதான் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையைப் பற்றி ஒரு தோழி சொன்னாள். எல்லாம் தயாராக இருக்கும், பெயரையும் கல்லூரியையும் மட்டும் மாற்றித் தருவார்கள். தனியாள் ஆய்வும் உளவியல் ரெக்கார்டும் 1,900, தத்துவக் கட்டுரை 600, ஆக 2,500 கொடுத்தேன். கடைக்கார அண்ணன் ஸ்பைரல் போட்டு, மேலே பளபளவென்று அட்டை வைத்துக் கொடுத்தார். முதல் பக்கத்தை மட்டும் பார்த்தேன். 'குழந்தை ஒரு மொட்டு, ஆசிரியர் ஒரு தோட்டக்காரர்' என்று ஆரம்பித்தது. தாகூர், காந்தி, ரூசோ, டூயி என்று கல்வி பற்றி எழுதிய அறிஞர்கள் நான்கு பேரும் ஒரே பத்தியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மீதியைப் படிக்கவில்லை. காசு கொடுத்து வாங்கியதையாவது ஒருமுறை படித்துப் பார்ப்பார்கள், நான் அதுகூடச் செய்யவில்லை.

இரண்டாம் வருடத்தில் 16 வாரம் பள்ளியில் பயிற்சி. எனக்குக் கிடைத்தது ஓர் அரசு நடுநிலைப் பள்ளி, 1 முதல் 8 வரை. ஏழாம் வகுப்புக் கணக்கு என் பொறுப்பு. கடைசி வரிசையில் ஒரு பையன் இருந்தான். பெயர் சொல்ல மாட்டேன், காரணம் பின்னால் வரும். வாரத்தில் மூன்று நாள் வந்தால் அதிசயம். வந்தாலும் முதல் பாடவேளையில் கண் சொருகும். நான்காவது வாரம், சம்பா நடவு நேரம், தொடர்ந்து நான்கு நாள் வராமல் ஐந்தாம் நாள் வந்து உட்கார்ந்தான். போர்டில் கணக்குப் போடக் கூப்பிட்டேன். சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான். “மண்டையில என்ன, களிமண்ணா?” என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்ல, மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். பையில் வேறு 'மொட்டு, தோட்டக்காரர்' கட்டுரை இருந்தது.

அடுத்த வாரம் சரிவகத்தின் பரப்பளவு. வண்ணத் தாளில் வெட்டிய வடிவங்கள், ஒட்டும் பலகை என்று எல்லா ஏற்பாட்டோடும் போயிருந்தேன். பாடக் குறிப்பில் 'முன்னறிவு' என்று ஒரு கட்டம் உண்டு. 'மாணவர்கள் செவ்வகத்தின் பரப்பளவை அறிவர்' என்று வழக்கம்போல நிரப்பியிருந்தேன். சூத்திரத்தை மூன்று முறை சொல்லியும் வகுப்பு விழித்தது. அலுத்துப்போய், சரிவகத்தைப் போர்டில் பெரிதாக வரைந்து, “இது ஒரு வயல்னு வச்சுக்குங்க” என்றேன். கடைசி வரிசையிலிருந்து அவன் குரல்: “டீச்சர், கோல் கணக்கா, அடிக் கணக்கா?” எனக்குப் புரியவில்லை. “ரெண்டு பக்க வரப்பையும் கூட்டிப் பாதியாக்கி, நடு அகலத்தால பெருக்கினா குழி வந்துரும். எங்க தாத்தா அப்படித்தான் போடுவாரு” என்றான். சரி என்று அவனையே முன்னால் கூப்பிட்டேன். ஒரு வரப்பு 14 கோல், எதிர் வரப்பு 10 கோல், இடையில் 25 கோல். 14ம் 10ம் 24, பாதி 12, இருபத்தைந்து பன்னிரண்டு 300. “முந்நூறு குழி, மூணு மா, டீச்சர்” என்று சொல்லிவிட்டு இடத்துக்குப் போய்விட்டான். நிலம் அளக்கிற பன்னிரண்டடிக் கோலில் ஒரு சதுரக் கோல் 144 சதுர அடி, அதுதான் எங்கள் பக்கத்துக் குழி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. அவன் சொன்ன 300 குழியைப் பெருக்கிப் பார்த்தால் 43,200 சதுர அடி, ஓர் ஏக்கருக்குக் கொஞ்சம்தான் குறைவு. இணைப் பக்கங்களின் கூடுதலில் பாதியை உயரத்தால் பெருக்கு என்று நான் ஒரு மணி நேரமாகக் கத்திக்கொண்டிருந்த சூத்திரம் அது. எம்.எஸ்சி. கணிதம் படித்த எனக்கு, அம்மா வருடம் முழுக்க நிற்கிற வயலை எப்படி அளப்பார்கள் என்று தெரியாது.

அன்று மதியம் அவனைக் கூப்பிட்டுப் பேசினேன். அம்மா நடவுக்குப் போகும் நாட்களில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை, அதனால் அவன் வருவதில்லை. காலையில் கண் சொருகுவது பசியால். காலை உணவுத் திட்டத்தை 2023 ஆகஸ்ட் 25 அன்று எங்கள் பக்கத்துத் திருக்குவளையில்தான் மாநிலம் முழுமைக்கும் விரிவுபடுத்தித் தொடங்கி வைத்தார்கள். ஆனால் அது 5ஆம் வகுப்பு வரைதான். மூன்றாம் வகுப்புத் தங்கச்சி பள்ளியில் பொங்கல் சாப்பிடும்போது ஏழாம் வகுப்பு அண்ணன் தூணோரம் நிற்பான். தினமும் அந்த வழியாகத்தான் ஆசிரியர் அறைக்குப் போனேன். ஒருநாளும் கவனித்ததில்லை.

இதெல்லாம் நடந்தும், ரெக்கார்டில் இருந்த கட்டுரையை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். அது வேறு, இது வேறு என்று நினைத்திருக்கிறேன்.

2024 மே மாதம் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து இரண்டு தேர்வாளர்கள் வந்திருந்தார்கள். அதில் வயதில் மூத்த அம்மா என் கட்டுரையைப் பொறுமையாகப் புரட்டினார். நாலாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, “உனக்கு எந்த ஊரும்மா?” என்றார். “மன்னார்குடி பக்கம், மேடம்.” “அங்க தேயிலைத் தோட்டம் எந்தப் பக்கம் இருக்கு?” எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரெக்கார்டை என் பக்கம் திருப்பினார். 'எனது பயிற்சிப் பள்ளியின் குழந்தைகள் பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள். பனிமூட்டத்தில் மலைப்பாதையில் நடந்து வருகிறார்கள்.' எங்கள் பக்கம் மேடு என்று சொன்னால் ஆற்றங்கரைதான். காது அடைத்துவிட்டது. அவர் விடவில்லை. “நாலு பக்கமும் அஞ்சு வயசுக் குழந்தையாவே இருக்கு. பி.எட். முடிச்சவங்க 1லேருந்து 5 வரைக்கும் ஆசிரியராக முடியாதுன்னு போன ஆகஸ்டுலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சே, தெரியுமா?” தலையாட்டினேன். எனக்கு முன்னால் போனவளின் ரெக்கார்டிலும் அதே தேயிலைத் தோட்டம் இருந்தது என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். கடைசியில் குரலைத் தணித்து, “சரி, இத மூடி வை. நீ பாடம் எடுத்த ஒரே ஒரு பிள்ளையப் பத்திச் சொல்லு” என்றார். அவர் கொடுத்த கடைசி வாய்ப்பு அது என்று இப்போது புரிகிறது. முந்நூறு குழி என் நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

ரெக்கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்து நவம்பரில் நடக்கும் செய்முறைத் தேர்வுக்கு எல்லாவற்றையும் புதிதாக எழுதிக்கொண்டு வர வேண்டும். திருவாரூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஜூன் முதல் மாதம் 11,000 சம்பளத்துக்குப் பேசி வைத்திருந்தேன், சான்றிதழ் இல்லாததால் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். கணக்குப் பார்த்தால், ஜெராக்ஸ் கடைக்கு 2,500, மறுதேர்வுக்கும் கல்லூரிக்கும் 4,200, புதிய நோட்டு, சார்ட், பைண்டிங் 1,150. கையிலிருந்து போனது 7,850. ஜூன் முதல் டிசம்பர் வரை கைக்கு வராமலே போன சம்பளம் 77,000. தோட்டுக்கு ஏறிய வட்டி இதில் சேரவில்லை. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அலைச்சலுக்கு மட்டும் காசு போகவில்லை. வீட்டில், “ரிசல்ட்ட நிறுத்தி வச்சிருக்காங்க” என்று சொல்லிவைத்தேன். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அந்த வருடம் மேட்டூர் அணையும் வழக்கமான ஜூன் 12இல் திறக்கவில்லை. ஆற்றுத் தண்ணீரை நம்பிய வயலில் குறுவை நெல் நடவு இல்லை, அம்மாவுக்கும் வேலை இல்லை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. அம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆகஸ்டில் ஒருநாள் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டேன். அந்த கேட்டில் நின்றவர்களுக்குத் தெரியும், ஒரு கதை பேசி முடிக்கிற நேரம் கிடைக்கும். பக்கத்தில் சைக்கிளில் அந்தப் பையன். “டீச்சர், பரீட்சை பாஸா?” பொய் சொல்லத் தோன்றவில்லை. “இல்லடா, திரும்ப எழுதணும்.” “எதுல போச்சு?” “கட்டுரையில.” அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “கட்டுரையில போய் யாராச்சும் ஃபெயிலாவாங்களா டீச்சர்? தெரிஞ்சத எழுத வேண்டியதுதானே?” கேட் திறந்ததும் போய்விட்டான். மறுநாள் அந்தப் பள்ளிக்குப் போனேன்.

அங்கே ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த தமிழய்யாவிடம்தான் முதன்முதலாக முழுக் கதையையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “களிமண்ணுன்னு திட்டினியாமே, இங்க வெளையிற நெல்லு எந்த மண்ணுல வெளையுது?” என்று கேட்டுவிட்டு, நன்னூலின் பொதுப்பாயிரத்தை எடுத்துக்கொண்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கணம் அது. அதன் தொடக்கத்திலேயே யார் ஆசிரியர், யார் ஆசிரியர் இல்லை, யார் மாணாக்கர் என்றெல்லாம் சொல்லிவிடுகிறார். மாணாக்கரில் ஒரு வகைக்கு மண் என்றே பெயர். உழுகிறவன் எவ்வளவு பாடுபடுகிறானோ அவ்வளவு விளையும். ஆசிரியராக இருக்கத் தகாதவர்களுக்கு நாலு உவமை. கழற்காய் என்ற கொட்டைகளை நிரப்பிய குடம் போல வரிசை இல்லாமல் கொட்டுகிறவர். மட்டை சூழ்ந்த பனை போல, ஏறிப் பறிக்க விடாமல், தானாக விழுந்தால்தான் உண்டு என்று இருப்பவர். பஞ்சடைத்த குண்டிகை, அதாவது சிறு கலம் போல உள்ளே போவதும் கஷ்டம், வெளியே வருவதும் கஷ்டம் என்று இருப்பவர். நாலாவது முடத்தெங்கு, ஒருவர் தண்ணீர் ஊற்ற, அடுத்தவர் கொல்லையில் காய் போடும் வளைந்த தென்னை. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துவிட்டுப் போன தென்னைகளைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அதை விளக்கவே வேண்டாம். தண்ணீர் ஊற்றியது அம்மா, காய் போய் விழுந்தது ஜெராக்ஸ் கடையில். மற்ற மூன்றில் இரண்டிலும் நான் இருந்தேன், முதல் வாரத்தில் கழற்குடம், மற்ற நாட்களில் பனை.

அப்புறம்தான் எழுத உட்கார்ந்தேன். எப்படி எழுதினேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். முதலில் தத்துவத்தை ஓரமாக வைத்துவிட்டு, 40 பக்க நோட்டில் பயிற்சி நாட்களில் நினைவில் இருந்த சம்பவங்களை மட்டும் எழுதினேன். யார், என்ன கேட்டான், நான் என்ன சொன்னேன், எங்கே சொதப்பினேன். ஒரு வருடம் கழித்து எழுதியதால் பாதி மறந்துவிட்டது. நீங்கள் பயிற்சியின் முதல் நாளிலிருந்தே தினமும் சாயங்காலம் ஐந்து வரி எழுதி வையுங்கள், கல்லூரி கேட்கிற நாட்குறிப்பு வேறு, இது வேறு. பிள்ளைகளின் பெயரை மாற்றிவிடுங்கள் அல்லது பெயரே வேண்டாம். ரெக்கார்டு எங்கெங்கோ போகும், பத்துப் பேர் கை படும், ஒரு பையன் வீட்டில் சோறு இல்லை என்பது அவன் பெயரோடு ஊரெல்லாம் சுற்றக்கூடாது. பிறகு ஒவ்வொரு சம்பவத்துக்கும் கீழே 'அதனால் இனி என்ன செய்வேன்' என்று ஒரு வரி. அந்த வரிகளைச் சேர்த்தால் கட்டுரை வந்துவிட்டது, இரண்டே பக்கம்.

அறிஞர் பெயர்களை அடுக்காதீர்கள். ஒருவர் போதும், அவரையும் உங்கள் வகுப்புக்குக் கூட்டி வர முடிய வேண்டும். நான் காந்தியை மட்டும் வைத்துக்கொண்டேன். 1937இல் வார்தாவில் அவர் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழில் வழியாகப் பாடம் என்றது. குழிக் கணக்கு அதற்கு எனக்குக் கிடைத்த சாட்சி. கூடவே, வயலைக் காட்டிப் பாடம் நடத்துகிறேன் என்று அந்தப் பையனை வயலோடு கட்டிப்போட்டுவிடுவேனோ என்ற பயத்தையும் எழுதினேன். அவனுக்கு மாவும் குழியும் தெரியும், அடுத்து இயற்கணிதத்துக்கு அவனை இழுத்துப் போவதுதான் என் வேலை. உடன்படாத இடத்தையும் எழுதினால் மதிப்பெண் குறையும் என்று தோழிகள் பயமுறுத்தினார்கள். அப்படி நடக்கவில்லை.

என் கட்டுரையின் முதல் வரி கதவைப் பற்றியது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். எங்கள் மாவட்டங்களில் பிறந்தவர்கள் யாருக்கும் அது வெறும் செய்தி இல்லை. பயிற்சிப் பள்ளியில் ஓர் ஆசிரியை எந்த வகுப்புக்குள் நுழைந்தாலும் பாடம் தொடங்கும் முன் கதவுகள் முழுக்கத் திறந்திருக்கின்றனவா, வழியில் பெஞ்ச் கிடக்கிறதா என்று பார்ப்பார். பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன், கேட்டபோது கும்பகோணம் என்று மட்டும் சொன்னார். தாகூருக்கும் டூயிக்கும் முன்னால் என் தத்துவம் அங்கேதான் தொடங்க வேண்டும் என்று பட்டது. இரண்டாவது வரி, முதல் பாடவேளையில் புதுக் கணக்கு தொடங்குவதில்லை, பசியோடு வந்தவனுக்கு அது ஏறாது என்பது. மூன்றாவது, 'முன்னறிவு' கட்டத்தைப் பிள்ளைகளிடம் கேட்காமல் நிரப்ப மாட்டேன் என்பது.

நவம்பரில் வேறு தேர்வாளர்கள் வந்தார்கள். கட்டுரையைப் பற்றி இருபது நிமிடம் பேசினோம். ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை: “கைக்குழந்தையப் பார்த்துக்கிற பையன் வராத நாளுக்கு என்ன செய்யப் போறீங்க?” விட்ட பாடத்தை மதியம் சொல்லித் தருவேன் என்றேன், அது போதாது என்று எனக்கே தெரிந்தது. தெரியவில்லை மேடம் என்று சொன்னேன். குறித்துக்கொண்டு தேர்ச்சி போட்டார்கள். 2025 ஜனவரியில் வேறொரு தனியார் பள்ளியில் சேர்ந்தேன். அங்கே ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டார்கள். சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தருவதானால் காட்டுகிறேன், நகல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். முகம் சுளித்தார்கள், ஆனால் ஒத்துக்கொண்டார்கள். நீங்களும் ஒரிஜினலை எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள், திரும்ப வாங்குவது இன்னொரு படிப்பு. நேர்முகத்தில் அவர்களும் ஒரு பிள்ளையைப் பற்றித்தான் கேட்டார்கள். டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளிலும் 150இல் 30 மதிப்பெண் குழந்தை மேம்பாட்டுக்கும் கற்பித்தலுக்கும் இருக்கிறது, அந்த 40 பக்க நோட்டைப் புரட்டிக்கொண்டு படித்தால் அந்தப் பகுதி வறட்சியாகத் தெரியாது.

ஐப்பசியில் தோட்டை மீட்டுக்கொண்டு வந்தேன். அம்மா காதிலிருந்த ஈர்க்குச்சியை எடுத்துப் போட்டுவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று மாட்டிக்கொண்டார். அப்போதுதான் ஜெராக்ஸ் கடை, தேயிலைத் தோட்டம், அந்தப் பையன் எல்லாவற்றையும் சொன்னேன். திருகைத் திருகிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். “அறுநூறு ரூவாயா குடுத்த?” என்றார். பிறகு, “நடவு நேரத்துல புள்ளைங்க ஏன் பள்ளிக்கூடம் வரலன்னு என்கிட்ட கேட்டிருந்தா ஓசியிலேயே சொல்லியிருப்பேனேடி.”